தீவில் இறங்காத கிளி

இருபத்தெட்டு வருஷம் நான் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ராஜபாளையத்தில், ஆபரேஷனுக்கான காஸ் துணியும் பேண்டேஜும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வெள்ளைத் துணியை ஓடவிட்டு, முடி இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, கொசு செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த லாட்டையே, அந்தத் தொகுதித் துணி முழுவதையும், தள்ளிவிட வேண்டும். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன பிறகும் கண் மட்டும் அந்த வேலையை விடவில்லை. கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலரில் பிரிந்து நிற்கும் நூலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். என்னோடு வெளியே வருவது ஆடிட்டரோடு வருவது மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவன் போன ஆனி மாதம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், ஒரு பாய்மரப் படகின் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் மகள்.

அவளுக்குக் கடல் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, கண்மாயில் கொக்கையும் நாரையையும் பார்த்து வளர்ந்த பெண் எதற்காக அந்தக் குளிரில் போய்ப் பறவை எண்ண வேண்டும் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன். "நீங்க துணியில நூலை எண்ணலையாப்பா?" என்றாள் ஒருமுறை. அதோடு விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு கோடையிலும் ஆள் இல்லாத ஒரு தீவில் அவள் இறங்குவாள். ஸ்டார்ம் பெட்ரல் என்ற பறவை அங்கே முட்டை இடுகிறது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, கரி நிறம். வருஷம் முழுவதும் நடுக்கடலிலேயே இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க மட்டும் கரைக்கு வந்து கல் இடுக்குக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணால் பார்த்து எண்ண முடியாது. அதன் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் போட்டுக் காட்டி, உள்ளே இருந்து பதில் வருகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். வருஷத்தில் சில நாட்கள்தான் இதற்குச் சரிப்படும். தொடர்ந்து நாலு வருஷம் எடுத்துவிட்டாள். ஐந்தாவது வருஷமும் எடுத்துக் கொடுத்தால் வேலையை நீட்டிப்பார்கள். நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனால் அத்தனையும் அரைகுறைக் கணக்கு, அவளும் வேறு வேலை தேட வேண்டும். வழக்கமாகக் கூட வரும் பையன் கால் எலும்பை முறித்துக்கொண்டதால் எனக்கு போன் வந்தது.

"அப்பா, நான் காது கொடுத்துக் கேக்கணும். எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க வாரீங்களா?"

அவள் என்னிடம் உதவி என்று கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், அங்கே குளிர் எப்படி என்று மட்டும் விசாரித்தேன்.

என் மனைவி வரவில்லை. கடல் என்றால் அவளுக்குத் திருச்செந்தூரில் கால் நனைப்பதோடு சரி. அதற்குப் பதிலாக அவள் ஒரு கிளியைக் கொடுத்தனுப்பினாள்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டாளின் கையில் தினம் ஒரு புதுக் கிளி இருக்கும். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண், வாழைநாரில் கட்டு. ஒரு கிளி செய்து முடிக்க அரை நாள் ஆகும். ஆண்டாள் கையில் இருந்த கிளியை மறுநாள் யாருக்காவது கொடுப்பார்கள். அதைப் பெறுவதற்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். என் மனைவி அந்த போன் வருவதற்கு முன்பிருந்தே மாதக்கணக்கில் காத்திருந்தாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அவள் கைக்கு வந்தது.

"எண்ணப் போற அன்னைக்கு இது அவகூட இருக்கணும். பையில வச்சிருங்க. அவகிட்ட சொல்லாதீக. சொன்னா வேண்டாம்னு சொல்லிருவா" என்றாள்.

எங்கள் கம்பெனி காஸ் துணியிலேயே நாலு சுற்றுச் சுற்றி, பனியனுக்குள் பொதிந்து பெட்டியில் வைத்தேன். இலை, பூ எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொண்டுபோயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை.

படகில் நாங்கள் மூன்று பேர். நான், மகள், படகின் கேப்டன். கேப்டன் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. வெள்ளைத் தலைமுடியைக் காதோடு வெட்டியிருந்தார். பேச்சு குறைவு. நான் வாந்தி எடுத்தபோது ஒரு வாளியையும் இஞ்சி பிஸ்கட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வானிலைக் கருவியைப் பார்க்கப் போய்விட்டார். பரிவெல்லாம் அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இரண்டாவது நாள் வயிறு சொன்னபடி கேட்டது. அதன் பிறகே என்னால் கடலைப் பார்க்க முடிந்தது. கேனட் என்ற பெரிய வெள்ளைப் பறவைகள் உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுந்தன. ஒவ்வொன்றும் விழும்போது கல் விழுந்த சத்தம் கேட்டது. ஃபுல்மர் என்ற சாம்பல் பறவை இறக்கையை அசைக்காமலே படகோடு வந்தது. பக்கத்தில் போனால் வயிற்றிலிருந்து நாற்றமெடுத்த எண்ணெயை நம் மேல் துப்பும், எத்தனை சலவை செய்தாலும் போகாது என்றாள் மகள். வழியில் ஒரு பாறைத் தீவைக் கடந்தோம். உச்சி முதல் அடிவரை ஒரே எச்சம், ஒரே இரைச்சல், மீன் நாற்றம். வேலை ஞாபகத்தில், மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன்பு பறவைக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பாறையின் கீழே செத்த பறவைகள் மிதந்ததைப் பற்றி அவள் சொன்னாள். ஸ்குவா என்ற பழுப்புப் பறவை பாதிக்கு மேல் போய்விட்டதாம். குரலை உயர்த்தாமல், வானிலை சொல்வது போலச் சொன்னாள். அந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். லாட்டைத் தள்ளிவிட்டு முதலாளியிடம் நான் பேசும் தொனி அது.

தீவுக்கு முந்தின நாள் மாலை சோதனை நடந்தது. அந்தத் தீவில் எலி கிடையாது. ஒரே ஒரு எலி போய்ச் சேர்ந்தால் இடுக்குக்குள் இருக்கும் பறவைகளை வரிசையாகத் தின்று தீர்த்துவிடும். புல் விதை, மண், பூச்சி எதுவும் போகக் கூடாது. கேப்டன் கேபின் கதவைச் சாத்தி, மேசைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, கரைக்குப் போகும் பைகளைக் கொட்டினார். பூட்ஸின் அடியைப் பிரஷால் தேய்த்தார். பிய்த்து ஒட்டும் வெல்க்ரோ பட்டைகளில் விதை சிக்கியிருக்கிறதா என்று இடுக்கியால் கிளறினார். படகிலேயே இருக்க வேண்டிய சாமான்களைப் போட மூடி போட்ட ஒரு நீலப் பெட்டி இருந்தது. பாதி தின்ற ஆப்பிளாக இருந்தாலும் அதில் போட்டு, மேலே பெயரை எழுதி ஒட்டிவிடுவார். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அது என் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். மகளின் மழைக்கோட்டு மணிக்கட்டுப் பட்டையில் கேப்டன் விட்டுவிட்ட ஒரு விதையைக் கண்டுபிடித்து எடுத்தேன். கேப்டன் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்க அப்பா பேக்கிங் ஹாலுக்குள்ள ஒரு மல்லிகைப்பூவை விட்டதில்லை" என்று மகள் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அது உண்மை. துணியைக் கிருமி நீக்கி உறையில் அடைக்கும் ஹாலுக்குள் வளையல், பொட்டு, பூ எதுவும் கூடாது. வாசலில் ஒரு சிவப்புத் தொட்டி வைத்திருந்தேன். காலையில் பெண்கள் தலையில் இருக்கும் பூவை எடுத்து அதில் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். என்னை என்னவெல்லாம் ஏசினார்கள் என்று எனக்குத் தெரியும். ஏச்சு லாட்டைக் கெடுக்காது.

கிளி அப்போது என் படுக்கையின் தலைமாட்டில், ஸ்வெட்டருக்குள் இருந்தது. படகில் இருப்பது தப்பில்லை, கரைக்குப் போவதுதான் தப்பு. ஆகவே நான் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் கடல் அமைதியாக இருந்தது. மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து அலை ஏறும், அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றார் கேப்டன். மகள் மேலே போய் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். சோதித்துக் கட்டி வைத்த அவளுடைய பை ஏணிக்குக் கீழே இருந்தது. கிளியை எடுத்தேன். இலையெல்லாம் பழுத்துச் சுருங்கியிருந்தது. அலகு மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. பையின் உள்ளே குறிப்பேட்டுக்குப் பின்னால் அதைச் செருகி, திரும்பக் கட்டினேன்.

ஏன் செய்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். சாமி மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. மனைவியிடம் 'வைத்தேன்' என்று சொல்ல வேண்டும். அதோடு, கோயிலிலிருந்து வந்தது அழுக்காகாது என்று உள்ளே எங்கோ ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் அது வெளியே தலைகாட்டியதே இல்லை.

ரப்பர் படகில் மூவரும் ஏறினோம். கேப்டன் மோட்டாரை ஓட்டினார். தீவு நெருங்க நெருங்கப் பஃபின்கள் தலைக்கு மேலே வட்டமிட்டன. உருண்டை உடம்பு, வண்ண மூக்கு, இறக்கையை அவசர அவசரமாக அடித்துக்கொண்டு பறக்கும் பறவை. மகள் பையை மடியில் அணைத்து வைத்திருந்தாள். இறங்கும் பாறைக்கு முன்னால் கேப்டன் மோட்டாரை நிறுத்திவிட்டு, வழக்கப்படி கடைசியாக ஒருமுறை கேட்டார்: சோதனைக்குப் பிறகு யாராவது எதையாவது உள்ளே வைத்தீர்களா?

"எங்க அப்பா கூட இருக்கும்போது அந்தக் கேள்வியே வேண்டாம்" என்றாள் மகள்.

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். பேக்கிங் ஹாலில் அவள் அளவுக்குக் கை சுத்தமாக வேலை செய்த இன்னொருத்தி இல்லை. ஒருநாள் ஒட்டி முடித்த உறை ஒன்றுக்குள் சாமந்தி இதழ் ஒன்று தெரிந்தது. ஹாலை நிறுத்தி எல்லோருடைய தொப்பியையும் கழற்றச் சொன்னேன். அவள் தொப்பிக்குள் கோயில் மாலையிலிருந்து பிய்த்த ஒரு துண்டு இருந்தது. மகனை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், விடிகாலையில் கோயிலுக்குப் போய் வாங்கிய பூ அது என்றும் சொன்னாள். "சாமி பூவைக் குப்பைத்தொட்டியில போட மனசு வரலை சார்" என்றாள். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வெகுநேரம் நின்றாள். நான் உள்ளேயே இருந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஒரு தடவை மன்னிக்கக் கூடாதாப்பா?" என்று வந்து கேட்டாள். கிருமிக்கு ஒரு தடவை, இரண்டு தடவை கிடையாது என்றேன்.

பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் பத்தடித் தண்ணீர் இருந்தது.

"ஏட்டி, பையைக் கரையில வைக்காத" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணு இருக்கு. அம்மா கொடுத்த கிளி."

"யாரு வச்சா?"

"நான்தான்."

"எப்போ?"

"காலையில. செக்கிங் முடிஞ்ச பொறவு."

அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிறு வயதிலிருந்தே அப்படி. குளிர்த் தொப்பிக்குக் கீழே இரண்டு காதும் சிவந்தன. கேப்டனிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னாள். கேப்டன் தீவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மோட்டாரைப் போட்டு ரப்பர் படகைத் திருப்பினார்.

கேபின் கதவைச் சாத்தி, திரும்ப வெள்ளை விரிப்பைப் போட்டோம். காஸ் துணியைப் பிரித்தேன். கிளியின் வயிற்று வாழைநாருக்குள் இருந்து பழுப்பு நிறத்தில் இரண்டு சின்ன வண்டுகள் வெளியே வந்து, வெள்ளைத் துணிமேல் நடந்தன. அப்படி ஒரு சுத்தமான வெள்ளையில், அப்படி ஒரு தெளிவான குறையை நான் பார்த்ததில்லை. என் மேசையாக இருந்தால் மணி அடித்து வேலையை நிறுத்தியிருப்பேன்.

இரண்டு வண்டு ஒரு தீவை என்ன செய்துவிடும் என்று கேட்டேன். வெட்கத்தில் வந்த கேள்வி அது. கேப்டன் அவற்றை ஒரு குப்பிக்குள் பிடித்து மூடினார். "இது என்ன வண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் காரணம்" என்றார். பிறகு கிளியை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, நீலப் பெட்டியில் வைத்து, மேலே என் பெயரை எழுதி ஒட்டினார். தூக்கி எறிவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் ஹால் வாசலில் இப்படி ஒரு பெட்டி வைக்கலாம் என்று இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தோன்றியதே இல்லை. செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

எல்லாப் பைகளையும் கொட்டி, ரப்பர் படகைக் கழுவி, பூட்ஸைத் திரும்பத் தேய்த்து முடித்தபோது, இறங்கும் பாறையில் அலை ஏறி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இறங்க முடியாது என்றார் கேப்டன். விதிப்படி, பொருளை வைத்தவர் இந்தப் பயணத்தில் கரைக்குப் போகக் கூடாது என்பதையும் சொன்னார். நான் தலையாட்டினேன். அது சரியான விதி.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தீவின் மறைவில் நங்கூரம் போட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். பகல் முடிவில்லாமல் நீண்டது. அவள் மேலே உட்கார்ந்து பாறை விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் பறவைகளைத் தொலைநோக்கியில் எண்ணினாள். அவற்றைப் படகிலிருந்தே எண்ணலாம். ஸ்டார்ம் பெட்ரலை எண்ண முடியாது. நாலு வருஷ உழைப்பு அந்தக் கல் இடுக்குகளுக்குள் உட்கார்ந்திருந்தது. என்னால் அவளுக்கு வேலை போகப்போகிறது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். வெங்காயம் நறுக்கினேன், உப்புமா கிண்டினேன், பாத்திரம் கழுவினேன்.

இரண்டாம் நாள் மாலை அவளாகவே பேசினாள்.

"அந்த அக்கா என்ன ஆனாங்க, தெரியுமா?"

யார் என்று நான் கேட்கவில்லை. "தெரியாது" என்றேன்.

"அவங்க பையன்?"

"அதுவும் தெரியாது."

அவள் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அலை தணிந்தது. அதுதான் கடைசி நாள். மாலையில் கிளம்பியாக வேண்டும். அவள் மட்டும் போனாள். கேப்டன் அவளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மேலே நின்று பார்த்தேன். ஒரு சிவப்புக் கோட்டு சரிவில் குனிவதும், நிற்பதும், எழுதுவதும், நகர்வதுமாக இருந்தது. காதைக் கல்லில் வைத்துக் கேட்ட பிறகு எழுந்து குறிப்பேட்டைத் திறக்க வேண்டும், காற்றில் தாளைப் பிடிக்க வேண்டும், பிறகு விட்ட இடத்தைத் தேடிக் குனிய வேண்டும். தரம் பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று ஏன் இருவர் வேண்டும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதியம் வந்தபோது அவள் பாதிச் சரிவைக்கூடத் தாண்டவில்லை.

ரேடியோ கரகரத்தது. அவள் கேப்டனிடம் பேசினாள். கேப்டன் எட்டி அலையைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். அவள் திரும்ப ஏதோ சொன்னாள். கடைசியில் ரேடியோவில் தமிழ் வந்தது.

"அப்பா, பூட்ஸைக் கழுவிட்டு வாங்க. கையில ஒண்ணும் வேண்டாம்."

கேப்டன் என் கோட்டுப் பைகளைத் திருப்பி உதறினார். தையல் விளிம்புகளை விரலால் தடவினார். பூட்ஸை இரண்டு தரம் தேய்த்தார். கைக்கடிகாரப் பட்டையைக் கழற்றி நீலப் பெட்டியில் போட்டார். என் சர்வீஸில் நான் யாரையும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சோதித்ததில்லை. நான் கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எங்கள் ஹால் வாசலில் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

பாறையில் கால் வைத்ததும் ஒரு ஸ்குவா என் தலையைக் குறிவைத்து இறங்கியது. குனிந்து தப்பினேன். மகள் குறிப்பேட்டை என் கையில் கொடுத்து, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று காட்டினாள். முதல் இடுக்கின் வாயில் சின்ன ஒலிபெருக்கியை வைத்தாள். அது நின்றதும் கல்லுக்குள் இருந்து பதில் வந்தது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி நீளமாக ஒரு முனகல், முடிவில் ஒரு விக்கல். பறவை கண்ணில் படவே இல்லை. "இருக்கு" என்றாள். எழுதினேன். அடுத்ததில் சத்தம் இல்லை. "இல்லை" என்றாள். எழுதினேன். மாலை வரைக்கும் எங்களுக்குள் இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சே இல்லை. கடைசிக் கல்லை முடித்தபோது அவள் என் தோளில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். எனக்கு அழுகை வந்தது. காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நடந்தது அத்தனையையும் அவள் தன் அறிக்கையில் எழுதினாள். கேப்டன் விதியைத் தளர்த்தியது, நான் வைத்த கிளி, குப்பியில் இருந்த வண்டுகள், எல்லாம். எழுதாமல் விடலாமே என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் இறங்கியபோது கேப்டன் நீலப் பெட்டியைத் திறந்து, பெயர் பார்த்து, கிளிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் எரித்தாக வேண்டும் என்றாள் மகள். அவளே அதற்கு ஏற்பாடு செய்தாள்.

நான் ஊர் திரும்பிய பிறகு, ஆடி பிறந்த சமயத்தில், அவளுக்கு வேலை நீட்டிப்பு வந்த செய்தி வந்தது. "நான் சொல்லலை? கிளி கூட இருந்துச்சுல்ல" என்றாள் மனைவி. இருந்தது என்றேன். நடந்தது முழுவதையும் அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

பென்ஷன் விஷயமாகப் பழைய கம்பெனிக்கு ஒருநாள் போக வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் ஏறினேன். இரண்டு சீட்டுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. கொண்டையில் பூ வைத்திருந்தாள். முகத்தைவிட முதலில் கையைத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது; நான் கணக்கை முடித்து அனுப்பிய சேத்தூர்ப் பெண்.

"சார், நல்லாருக்கீகளா?"

"நல்லாருக்கேன். பையன்?"

"மெக்கானிக்கா இருக்கான் சார். கல்யாணம் ஆயிருச்சு."

அதன் பிறகு, என்னையும் மீறி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். படகு, பறவை, சோதனை, சோதனைக்குப் பிறகு நான் வைத்த கிளி. மன்னிப்பு என்ற சொல் மட்டும் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் சிரித்தாள்.

"பொறவு? ஒங்களையும் வெளிய நிறுத்திட்டாகளா?"

"நிறுத்திட்டாக. மூணு நாள்."

"பொறவு உள்ள கூப்ட்டாகளா?"

"கூப்பிட்டாக."

அவளுடைய ஸ்டாப் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒங்க வீட்டு வாசல்ல நின்னேன் சார்" என்றாள். "பாப்பாதான் தண்ணி கொடுத்துச்சு. நல்லாருக்கட்டும்."

இறங்கிப் போய்விட்டாள்.